பிள்ளை கறுப்பாக விழுந்துவிட்டதா?

வானொலியில் பிறந்தநாள் வாழ்த்து நேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எங்களால் படம் காட்ட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும், பெயரும் வயதும் ஊரும் அனுப்புங்கள் என்றால் புலனத்தில் குழந்தையின் படமும் சேர்ந்தே வரும். எனக்கு அதில் புகார் இல்லை. பாட்டு ஓடுகிற நான்கு நிமிடத்தில் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நெற்றியும் மூக்கு நுனியும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல். குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்திருக்கும். எல்லாம் கைப்பேசி ஃபிளாஷின் வேலை.

இருட்டாக இருப்பதால்தான் ஃபிளாஷ் போடுகிறோம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். “ஐயோ, பிள்ளை கறுப்பா விழுந்திருக்கு, லைட்டப் போட்டு இன்னொன்னு எடு” என்று ஓர் அத்தையோ பெரியம்மாவோ சொல்லாத முப்பதாம் நாள் விழாவுக்கு நான் போனதே இல்லை. சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பிறந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகாத பிள்ளைக்கு, அதன் நிறத்தைப் பற்றிய முதல் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அடுத்து ஃபிளாஷ், அதற்கடுத்து முகத்தை வெளுக்க வைக்கும் செயலி. கடைசியில் வாழ்த்து அட்டையில் இருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாது.

முகம் இருண்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கீழே விரித்திருக்கும் வெள்ளைத் துணி. கேமராவுக்குத் துணி எது, தோல் எது என்ற கவலை கிடையாது. தன் முன்னால் இருப்பதையெல்லாம் சேர்த்து, சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வரவேண்டும் என்று கணக்குப் போடும். வெள்ளை விரிப்பு, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என நினைத்து மொத்தப் படத்தையும் குறைத்துவிடும். இப்போதைய கைப்பேசிகள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சமாளிக்கின்றன, எப்போதும் இல்லை. விரிப்பை மாற்றிப் பாருங்கள். கடுகு மஞ்சளோ, சாம்பலோ, பாட்டியின் பழைய பருத்திச் சேலையோ போதும். அல்லது திரையில் குழந்தையின் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். பல கைப்பேசிகளில் இந்த வசதி இருக்கிறது. தோல் தன் நிறத்திலேயே, தெளிவாக வரும்.

இந்தத் தொல்லை நம் அத்தைமார்களோடு தொடங்கியதல்ல. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக் கடைகளுக்கு ஒரு நிறச் சரிபார்ப்பு அட்டை கொடுத்தது. ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் நன்றாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று கணக்கு. பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டைகள் 1990களில்தான் வந்தன.

சரி, வெளிச்சத்துக்கு எங்கே போவது? தாமான்களில் இருக்கும் வரிசை வீடுகளில் முன் ஹால்தான் இருட்டு. கார் நிறுத்தும் இடத்துக் கூரை வெளிச்சத்தை மறைத்துவிடும். விழாவும் அங்கேதான் நடக்கும். பிள்ளையை மாடி அறைச் சன்னலுக்கோ, பின்பக்கச் சமையலறைக் கதவுக்கோ கொண்டு போங்கள். வெயில் நேராக மேலே விழக்கூடாது. விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். நம் ஊரில் ஏழு மணி சுமாருக்கு விடிந்து, சூரியன் கிடுகிடுவென உச்சிக்கு ஏறிவிடும். எனவே காலை ஒன்பது, பத்து மணி நல்லது. மழைக்கு முன் மேகம் மூடியிருக்கும் நேரம் அதைவிட நல்லது. தலை சன்னல் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். கால் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால், டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்துப் பேய்க்கதை சொல்வதுபோல் ஆகிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் தெரியும்.

இரவு விழா என்றால் படக்காரரிடம் ஃபிளாஷைக் கூரைக்குத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கூரையில் பட்டு இறங்கும் ஒளி மெத்தென்று இருக்கும். கைப்பேசிதான் இருக்கிறதென்றால், இன்னொருவர் தன் கைப்பேசி டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடிக்கட்டும்.

ஃபிளாஷ் பட்டால் குழந்தையின் பார்வை போய்விடும் என்று ஒரு செய்தி அவ்வப்போது புலனத்தில் சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். சாதாரண கேமரா ஃபிளாஷ் கண்ணைக் கெடுத்துவிடாது. கண் மருத்துவர் சோதனையின்போது குழந்தையின் கண்ணுக்குள் நேராகவே வெளிச்சம் பாய்ச்சுகிறார். குழந்தை அழுவது திடுக்கிடுவதால்தான். அதற்காகவே முகத்துக்கு நேரே அடிப்பதைத் தவிர்க்கலாம், பயத்துக்காக அல்ல.

சன்னல் வெளிச்சம் காட்டாத ஒன்றை ஃபிளாஷ் காட்டிக் கொடுப்பதும் உண்டு. ஃபிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது சாதாரணம். விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் நின்று கவனியுங்கள். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது கோணத்தால் அப்படி விழலாம். கண்புரையாகவும் இருக்கலாம். மிக அரிதாக, ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம், பல நேரம் பார்வையையும். இதை முதலில் பார்ப்பது பல வீடுகளில் படம் எடுத்த பெற்றோர்தான்.

கைப்பேசியில் ‘சிவப்புக் கண் நீக்கம்’ போட்டிருந்தால் இந்த அடையாளமும் சேர்ந்து அழிந்துபோகலாம். ஒரே கண் மறுபடியும் வெள்ளையாகத் தெரிந்தால் அடுத்த மாதத் தடுப்பூசி வரை காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். படத்தைத் திருத்தாமல், வெட்டாமல், எடுத்தது எடுத்தபடியே காட்டுங்கள்.