கார் ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோகாது



கோடை வந்ததும் நம் குடும்பக் குழுவில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. "கார்ல ஏ.சி. கூலிங் இல்ல, கேஸ் போடணும், நல்ல கடை இருந்தா சொல்லுங்க." உடனே கீழே நாலு கடைப் பெயர் வந்துவிடுகிறது. "ஏன் கூலிங் இல்லை?" என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் "ஏன்?" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஏ.சி. கேஸ் என்பது பெட்ரோல் அல்ல. அது எரிவதும் இல்லை, தீர்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு மறுபடியும் கம்ப்ரசருக்குப் போகிறது. வகுப்பில் உங்கள் கையில் ஸ்பிரிட் தடவி "சில்லுனு இருக்கா?" என்று கேட்டேனே, அதே பாடம்தான்.

அப்படியானால் கேஸ் குறைந்திருக்கிறது என்பதற்கு ஒரே பொருள்தான்: எங்கோ கசிகிறது. ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கம்ப்ரசர் சீல் வழியாக மிகச் சிறிய அளவு கசிவது இயல்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பல ஆண்டுகளில் தெரிகிற குறைவு. பழைய காருக்கு எப்போதோ ஒருமுறை கேஸ் போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. "வருஷா வருஷம் போட்டே ஆகணும் சார்" என்கிற பேச்சோடுதான் என் சண்டை. டயரில் தினமும் காற்று இறங்கினால் பஞ்சர் கடைக்காரர் என்ன செய்கிறார்? டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்க்கிறார். வெறும் காற்றை அடித்து அனுப்பினால் நாம் விடுவோமா? ஏ.சி. கடையில் மட்டும் ஏன் விடுகிறோம்?

என் தம்பி மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். போன கோடையில் மார்ச்சில் ஒரு கடையில் கேஸ் போட்டான். ஏப்ரலில் கூலிங் போனது. அதே கடையில் மறுபடியும் கேஸ். மே மாதம் மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் 1,800 ரூபாய். கடைசியில் ஒருநாள் கடகடவென்று சத்தம் போட்டுக் கம்ப்ரசரே இறுகிப்போனது. காரணம் இதுதான்: கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்தே ஓடுகிறது. கசிவில் கேஸ் மட்டும் போவதில்லை, எண்ணெயும் போகிறது. வேறொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்ததும் காட்டினார்: கண்டென்சரின் கீழ் மூலையில் இணைப்பு ஒன்றைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. பழுதானது ஒரு ஓ-ரிங். மார்ச் மாதமே பார்த்திருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். கம்ப்ரசருக்கு அவன் கடன் வாங்கினான். வண்டி நின்ற நாட்களுக்கு வருமானமும் இல்லை.

"மீட்டர் வச்சுப் பார்த்துத்தான் சொன்னாங்க" என்பீர்கள். இன்ஜினை நிறுத்திய நிலையில் மீட்டர் காட்டும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை அந்த அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. இப்போது பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, 35 டிகிரியில் பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் ஏறக்குறைய 114 பி.எஸ்.ஐ.தான் காட்டும். வீட்டு கேஸ் சிலிண்டரிலும் இதே கதைதான். அதனால்தான் சிலிண்டரை எடை போட்டு வாங்குகிறோம்.

இன்ஜின் ஓடும்போது இரண்டு பக்க மீட்டரையும் சேர்த்துப் படிப்பதுதான் நோயறிதல். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை, அல்லது கேஸ் அளவுக்கு மேல் இருக்கிறது. தாழ்வழுத்தம் அதிகமாகவும் உயரழுத்தம் குறைவாகவும் இருந்தால் கம்ப்ரசரே தளர்ந்திருக்கலாம். தாழ்வழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் வால்வில் அடைப்பு. நான்கு நோய்க்கும் ஒரே ஊசி போடும் வைத்தியரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவீர்களா?

கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. காற்றே மெதுவாக வருகிறதா? கேபின் ஃபில்டர் அழுக்காக இருக்கலாம். வண்டி ஓடும்போது கூலிங், சிக்னலில் நின்றால் சூடா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்சரில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் 'டக்'கென்று பிடிக்கும் சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றுக்கெல்லாம் கேஸ் போட்டால் பணம்தான் போகும். அளவுக்கு மேல் அடைத்தால் இருக்கும் கூலிங்கும் குறையும்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். மெக்கானிக்குகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. என் மாணவர்கள் சிலரே இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒருவன் என்னிடம் சொன்னான்: "சார், ஒரு மணி நேரம் லீக் தேடிக் கண்டுபிடிச்சு 500 ரூபா கேட்டா, 'பார்த்ததுக்கு எதுக்குப்பா காசு?'ங்கறாங்க. கேஸ் போட்டு 2,000 கேட்டா பேசாம கொடுக்கறாங்க." இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால் பொருளைத்தான் விற்பார்கள். தேடிப் பார்க்கும் நேர்மையான பிள்ளை கடையை மூடுகிறான். அடித்து அனுப்புகிறவன் இரண்டாவது கடை திறக்கிறான். இந்த நிலைமைக்கு வாடிக்கையாளர்களாகிய நாமும் பொறுப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பு கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுத்தது. 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அது ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும். 400 கிராம் கசிந்தால் அரை டன் கரியமிலவாயுவுக்குச் சமம். அதாவது 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரித்த கணக்கு. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலியில் உடன்பாடு ஏற்பட்டது, 2021-ல் இந்தியாவும் ஏற்றது. இங்கே பழைய கேஸைக் காற்றில் 'புஸ்'ஸென்று திறந்துவிட்டுப் புதிதாக அடிக்கிறார்கள். வெயில் தாங்கவில்லை என்று ஏ.சி. போடுகிறோம். அந்த வெயிலை ஏற்றிவிடுவதும் நாமே.

ஆகவே, கடைக்குப் போனால் கேளுங்கள். ஓடும் நிலையில் இரண்டு பக்க அழுத்தமும் எவ்வளவு? கசிவு எங்கே? நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரை வைத்தோ, ஒளிரும் சாயம் விட்டோ தேடினீர்களா? பழைய கேஸை மிஷினில் திரும்ப எடுப்பீர்களா? சரிசெய்த பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு ஈரத்தை வெளியேற்றுவீர்களா? பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் அளவுக்கு எடை போட்டு அடைப்பீர்களா? கம்ப்ரசர் ஓடவில்லை என்று பிரஷர் சுவிட்சை வயர் போட்டு இணைக்க வந்தாலோ, சமையல் கேஸ் அடைக்கலாம் என்றாலோ, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். முதலாவது கம்ப்ரசரைக் கொல்லும். இரண்டாவது உங்களையே கொல்லலாம்.

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். அவர் தேடிய நேரத்துக்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, எடை போட்டு, லீக் பார்த்து வேலை செய்கிறவர்கள் உங்கள் ஊரையும் கடையையும் கீழே எழுதுங்கள். அடுத்த முறை குழுவில் "நல்ல கடை சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன்.