யானைமலை அடிவாரத்தில் ஒரு பாடம்

சுற்றுலா வழிகாட்டியாக வேண்டுமா? திரையில் பாடத்தைப் படித்துத் தேர்வெழுதினால் போதும் என்கிறது ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் 2020 முதல் நடத்திவரும் இணையவழிச் சான்றிதழ்த் திட்டம். தமிழக அரசோ 2023இல் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு, இத்துறைக்குத் தொழில் தகுதி கொடுத்துவிட்டது. தொழில்தான், சரி, அதை எங்கே வைத்துக் கற்பிப்பது என்பதுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

மதுரைக்காரர்கள் இதற்கு விடை தேடி ஒத்தக்கடை தாண்ட வேண்டியதில்லை. யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இயங்குகிறது வேளாண்மைக் கல்லூரி. அங்கே இளநிலை மாணவர்கள் இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வயலில் இறங்கியாக வேண்டும். அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. நாற்றைப் படத்தில் மட்டும் பார்த்தவருக்கு வேளாண் பட்டம் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? அதே மலையில்தான் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770இல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. பக்கத்தில் லாடன் கோயில் என்னும் முருகன் குடைவரை. மேலே ஏறினால் தீர்த்தங்கரர் சிற்பங்களும் தமிழிக் கல்வெட்டும். வைணவமும் முருக வழிபாடும் சமணமும் ஒரே பாறையில் எப்படி இடம்பிடித்தன என்று பயணிக்குச் சொல்லத் தெரிந்தவரே வழிகாட்டி. நம் சுற்றுலாப் பட்டப்படிப்புகளிலோ பெரும்பாலும் ஆண்டுக்கொரு பேருந்துப் பயணமும், ஓட்டல் வரவேற்பறையில் சில வாரங்களும்தான் களப்பயிற்சி. அதற்கும் ஒரு சான்றிதழ்!

இணையவழிப் படிப்பு கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வாய்ப்புத் தருகிறது என்பார்கள். அரிட்டாபட்டிப் பிள்ளைக்குத் தன் ஊர் மலையைத் திரையிலா காட்டுவது? 2022இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான அந்த ஊர், 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கியது. கல்வெட்டையும் குடைவரைச் சிவன் கோயிலையும் சுட்டிக்காட்டிப் போராடியவர்கள் மேலூர் வட்டார மக்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அவர்களில் சிலரை வகுப்பெடுக்க அழைத்திருந்தால் ஒரு பருவப் பாடமே முடிந்திருக்கும். பட்டம் இல்லாதவரை எப்படி ஆசிரியராக்குவது என்பது அலுவலகக் கவலை. அனுமதி, பாதுகாப்பு, செலவு என்ற மற்றவை வெறும் சாக்கு; வேளாண் கல்லூரிக்கு முடிந்தது சுற்றுலாத் துறைகளுக்கு முடியாதா?

பாதி மதிப்பெண்ணைக் களத்துக்கு ஒதுக்க வேண்டும். அழகர் வைகையில் இறங்கும் நாளில் வெளியூர்க் குடும்பம் ஒன்றை அழைத்துப்போய், நடப்பதை விளக்கி, நெரிசலில் சிக்காமல் திருப்பிக் கூட்டிவருவதே இறுதித் தேர்வாகட்டும். இதற்குத் தயாராக இல்லாத துறைகளில் அடுத்த ஆண்டே மாணவர் சேர்க்கையை நிறுத்திவிடலாம். இணையச் சான்றிதழை மட்டும் நீட்டுவோருக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வழிகாட்டி அட்டையும் தரக்கூடாது.