பயிற்சி நம் கையில் இருக்கட்டும்!

அன்று பம்பாய்க்கு ரயிலேறி வந்த தமிழனிடம் இருந்த முதல் இரண்டே வகை. ஒன்று உடல் உழைப்பு. மற்றது டைப்ரைட்டிங், சுருக்கெழுத்துச் சான்றிதழ். முதலாவதை நம்பி வந்தவர்கள் தாராவியின் தோல் கிடங்குகளில் வெந்தார்கள். இரண்டாவதை நம்பி வந்தவர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் அமர்ந்தார்கள். 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் கோபம் முதலில் பாய்ந்ததும் அந்த அலுவலக நாற்காலிகள் மீதுதான். இன்று டைப்ரைட்டர் போய்விட்டது. அந்த மேஜையில் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்னால் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இந்த ஏக்கத்தைத்தான் சிலர் காசாக்குகிறார்கள். நம் குடியிருப்புகளின் சுவர்தோறும் விளம்பரம்: ‘வெப் டெவலப்மெண்ட் படியுங்கள், வேலை நிச்சயம்!’ தாயின் நகை அடகுக்குப் போகிறது. ஆறு மாதம் கழித்துப் பையன் வண்ணச் சான்றிதழோடு வருகிறான். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையிடம், ‘ஒரு பக்கம் போட்டுக் காட்டு தம்பி’ என்று கேட்டேன். ‘அங்கே எல்லாம் தயாராக இருக்கும் மாமா, நாங்கள் நடுவில் எழுதுவோம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது’ என்றான். அவன் மந்தமானவன் அல்லன். ஆரம்பத்தை அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அடுப்பு மூட்டத் தெரியாதவனைச் சமையற்காரன் என்று அனுப்பிவிட்டார்கள்!

நம் சங்கமே இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும். வெற்று ஃபோல்டரிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். ‘ஃப்ரன்ட் எண்ட்’ என்று மிரட்டுகிறார்களே, அது என்ன? முன்பதிவுக் கவுண்டரில் இருக்கும் எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன். டிக்கெட் வாங்க வருகிறவர் காண்பது ஜன்னலையும் படிவத்தையும். எத்தனை பெர்த் மீதி என்று கணக்கு வைக்கும் கணினி எங்கோ உள்ளே இருக்கிறது. ஜன்னலும் படிவமும் முன்புறம், கணக்கு பின்புறம். பெயர், வயது, வண்டி எண் என்று கட்டம் வகுப்பது எச்.டி.எம்.எல். கட்டத்தின் அகலம், எழுத்தின் நிறம் இவற்றைச் சொல்வது சி.எஸ்.எஸ். வயதை எழுதாமல் நீட்டினால், ‘இதை நிரப்புங்கள்’ என்று திருப்பித் தருகிற குமாஸ்தாவின் வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். 2002இல் இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, எங்கள் ஜன்னலே மக்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஜன்னலைக் கட்டும் கொத்தனார் வேலைதான் இது.

இதற்கு விலை என்ன? இணையத்தின் மேல் ஓடும் உலகளாவிய வலையை (வேர்ல்ட் வைட் வெப்) 1989இல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் பணியாற்றிய ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம், 1993 ஏப்ரல் 30இல் அதை உலகுக்கே இலவசமாக்கியது. எழுதிப் பழக வி.எஸ். கோட் இலவசம். பார்க்கும் ஃபயர்பாக்ஸ் இலவசம். செய்த மாற்றங்களை நாள்வாரியாகக் காத்து வைக்கும் கிட் என்ற கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கினார், அதுவும் இலவசம். பழைய கணினியில் போட லினக்ஸ் இலவசம். பாடங்கள்கூட இலவசமாகக் கிடைக்கின்றன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அப்படியானால் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் எதற்கு? நம் பிள்ளைகளிடம் இல்லாதவை மூன்றே: ஒரு கணினி, கூச்சலில்லாத ஓர் இடம், தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள். இந்த மூன்றையும் தர ஒரு சங்கத்தால் முடியாதா?

பயிற்சியின் முதல் வாரம் எப்படி இருக்க வேண்டும்? மாணவனே கருவிகளை நிறுவ வேண்டும். மாணவனே ஃபோல்டர் திறந்து இன்டெக்ஸ், ஸ்டைல், ஸ்கிரிப்ட் என்று மூன்று கோப்புகளை உண்டாக்க வேண்டும். முதல் கோப்பின் தலையில் யு.டி.எஃப்-8 என்ற வரி ஏன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியக்கூடும். வியூபோர்ட் வரி ஏன் என்றும் தெரிய வேண்டும்; அது இல்லாவிட்டால் கைபேசியில் எழுத்து எறும்பாகிவிடும். கோப்புப் பெயர்களைச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வைக்கப் பழக வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸ் கணினிக்கு ஒன்றுதான்; லினக்ஸில் ஓடும் சர்வருக்கு வெவ்வேறு. வீட்டில் தெரிந்த படம் ஊருக்குத் தெரியாமல் போவது பல முறை இதனால்தான். பிறகு கிட்டில் பதிந்து, கிட்ஹப் தரும் இலவச இடத்தில் பக்கத்தை ஏற்ற வேண்டும். ஏழாம் நாள், தான் செய்த பக்கத்தை அவன் தன் தாயின் கைபேசியில் காட்ட வேண்டும். இத்தனையும் வெறும் கையோடு செய்யத் தெரிந்தவனை எந்தப் பயிற்சிக் கடையும் ஏமாற்ற முடியாது.

எந்தப் பக்கத்தைக் கட்டுவது? பூக்கடை, பீட்சா கடை என்ற பொம்மை வேலை வேண்டாம். தாராவி மறுசீரமைப்பு கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு ஒரு விதி. பின்னால் வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறு விதி. இதைத் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள நம் பெரியவர்களுக்கு வழியிருக்கிறதா? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள். விதிகளையும், எடுத்து வைக்க வேண்டிய காகிதங்களையும் எளிய தமிழில் சொல்லும் பக்கமே நம் மாணவர்களின் முதல் வேலையாகட்டும். பிள்ளை தொழில் கற்பான், தெருவுக்கும் பயன்படும்.

‘செயற்கை நுண்ணறிவே பக்கம் எழுதிவிடுகிறதே, இனி இதைப் படித்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எழுதித் தரும், உண்மை. எழுதியது சரியா என்று பார்ப்பதும், தவறினால் திருத்துவதும், எந்தக் கோப்பில் எங்கே வைப்பது என்று அறிவதும் யார்? அடித்தளம் தெரிந்தவனுக்கு அது வேலையாள். தெரியாதவனுக்கு அது எஜமான். ஆனாலும் ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும்: இதனால் வேலை நிச்சயம் என்று நம் சங்கம் வாக்குத் தரக் கூடாது. போட்டி கடுமையாக இருக்கிறது. பொய் வாக்கு தருவதானால் நமக்கும் சுவர் விளம்பரக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

பொதுக்குழுவின் முன் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. ஒன்று, சங்கக் கூடத்தில் ஆறு பழைய கணினிகள், ஐ.டி. நிறுவனங்களில் இருக்கும் நம்மவர்கள் மனம் வைத்தால் இது பெரிய காரியமல்ல. இரண்டு, கட்டணம் கூடாது. மூன்று, விளக்கம் தமிழில். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளபடியே. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகக் கூடாது. நான்கு, இடங்களில் பாதி பெண்களுக்கு. இருட்டுவதற்குள் அவர்கள் வீடு திரும்பும்படி வகுப்பு நேரம். ஐந்து, முதல் அணியில் தேறியவர்களே இரண்டாம் அணிக்கு ஆசிரியர்கள்.

பெற்றோர்களே, அடுத்த முறை சுவர் விளம்பரம் பார்த்து நகைப்பெட்டியைத் திறக்கும் முன் சங்கக் கூடத்துக்கு வாருங்கள். கணினித் துறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தாருங்கள். நம் முன்னோர் டைப்ரைட்டிங் சான்றிதழோடு வந்து இந்த நகரில் ஒரு தலைமுறையை நிமிர்த்தினார்கள். அடுத்த தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டியதைச் செய்வோம்.