அறுபதாம் ஆண்டும் அடைபட்டிருந்த தெருக்களும்

பிரபவ முதல் அட்சய வரையுள்ள அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்றுச் சுற்றிமுடிய, ஒருவன் பிறந்த ஆண்டின் பெயர் அவனைத் தேடி மீண்டும் வருகின்றது. அதனையே நம்மவர் மணிவிழா எனக் கொண்டாடுகின்றனர். 1965 ஆம் ஆண்டு சித்திரையிலே பிறந்த விசுவாவசு வருடம் 2025 ஆம் ஆண்டு சித்திரையிலே திரும்ப வந்தது. அதனை அடுத்து வருவது பராபவ. நம் கல்லூரியில் எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றோர் பலர், இவ்விரு வருடங்களிலும் அறுபது நிறைகின்றவர்கள். அவர்கள் அந்த நன்னாளை எவ்வாறு கழிக்கலாம் என்பது பற்றி ஒரு கருத்தை இம்மலரிலே முன்வைக்க விரும்புகின்றேன்.

மண்டபம், மேளம், வாழையிலை விருந்து, புகைப்படம் என்பன இன்று மணிவிழாவின் அங்கங்களாகிவிட்டன. வசதியுள்ளோர் திருக்கடவூர் சென்று வழிபட்டும் வருகின்றனர். சடங்கை யான் குறைகூறவில்லை. பிறந்த நட்சத்திரத்திலே கோணேசர் சந்நிதியில் அர்ச்சனை செய்து, பெரியோர் முன்னிலையில் மனைவியோடு நின்று ஆசி பெறுதல் நன்றே. ஆயின், அதன்பின் முந்நூறு பேருக்கு அளிக்கும் விருந்திலே, விழாவுக்கு உரியவர் தம் பழைய நண்பரோடு பத்து நிமிடமேனும் பேசுகின்றாரா? அவ்விருந்துக்காகும் பொருளின் ஒரு பகுதியைக்கொண்டு, பழைய தோழர் பத்துப் பேர் குடும்பத்தோடு நான்கு நாள் தரைவழியாகப் பயணஞ் செய்வார்களாயின், அதுவே சிறந்த மணிவிழா என்பது என் துணிபு.

இக்கருத்துக்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. 1983 ஆம் ஆண்டிலே இவர்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. நாட்டைச் சுற்றிப் பார்க்க மனமும் காலும் துடிக்கின்ற அந்த வயதிலேதான் நம் தெருக்கள் அடைபடத் தொடங்கின. 2009 ஆம் ஆண்டிலே போர் முடியும்வரை சோதனைச் சாவடியும், பயண அனுமதியும், அச்சமுமே தெருக்களை ஆண்டன. ஒருவர் தொறன்ரோ சென்றார். ஒருவர் லண்டன் சென்றார். ஒருவர் ஊரிலேயே இருந்து யாவற்றையும் கண்டார். சிலர் இன்று இல்லை. இருபதில் செல்ல முடியாத வழியை அறுபதிலாவது சேர்ந்து செல்லுதல் வெறும் உல்லாசமன்று. அது நமக்கு வரவேண்டியிருந்த ஒரு கடன்.

எங்கே செல்வது? வெளிநாட்டிலிருந்து மார்கழி விடுமுறைக்கு வருவோர் பலர் நுவரெலியாவையே முதலிற் சொல்வர். பனியிலிருந்து வருகின்றவர் மீண்டும் குளிரைத் தேடிச் செல்வது வியப்பே. அதுவுமன்றி, 2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா புயலின்போது நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின, மலைச்சரிவுகள் இடிந்தன, வீதிகளும் பாலங்களும் அறுந்தன. மாரி உச்சத்தில் மலையேறுதல் அறிவுடைமையாகாது. நம் வாயிலிலேயே ஓர் அரிய வழி இருக்கின்றது.

உவர்மலை எனப்படும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து விடியற்காலையிலே உள்துறைமுகத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம். சீனக்குடாவைக் கடந்தால் கிண்ணியா. அங்கே முன்னர் 'பாதை' என்று நம்மூரார் அழைத்த மிதவையிலே பஸ் வண்டியும் ஆளும் ஒருங்கே ஏறிக் கடக்கவேண்டும். 2009 ஒக்டோபரிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய துறைகளிலும் பின்னர்ப் பாலங்கள் எழுந்தன. பாலத்தின் அருமை துறையில் நின்றவருக்கே தெரியும். 2021 நவம்பர் 23 ஆந் திகதி குறிஞ்சாக்கேணியிலே, பாலவேலை நடந்துகொண்டிருக்கையில், மாற்றாக விடப்பட்ட இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டதை நாம் மறத்தலாகாது.

அப்பால் மூதூர். 1659 நவம்பரிலே மசூலிப்பட்டினக் கடலில் புயலால் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரக் குடாவிலே ஒதுங்கியது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் 1660 இலே கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார். மாரிக்காற்றை மதியாத பயணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா! மூதூருக்குத் தெற்கே வெருகலிலே சித்திரவேலாயுதரை வழிபட்டு ஆற்றைக் கடந்தால் வாகரை. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் கொண்ட கரை அது. பின்னர்ப் போரும் கொண்ட கரை. அங்கே சற்று இறங்கி நின்று, நம்மோடு வந்திருக்கவேண்டியவர்களை நினைத்தல் தகும். பனிச்சங்கேணி, வாழைச்சேனை வழியாக மாலைக்கு முன் மட்டக்களப்பை அடையலாம். தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான்; ஆனால் நம் தலைமுறையினர் பலர் அதனை ஒரு முறையேனும் முழுமையாகக் கடந்தவரல்லர்.

மட்டக்களப்பிலே ஒருநாள் தங்குக. கல்லடியிலே பழைய இரும்புப் பாலமும், அதனருகே 2013 இலே திறக்கப்பட்ட புதிய பாலமும் நிற்கின்றன. மீன்பாடும் ஓசை கோடைக்காலத்துப் பௌர்ணமி இரவுகளுக்கே உரியது. மாரியிலே அதனை எதிர்பார்த்து ஏமாறற்க. திரும்பும் வழி மன்னம்பிட்டியூடாகப் பொலன்னறுவைக்குச் செல்லும். பதினோராம் நூற்றாண்டிலே சோழர் எடுத்த வானவன் மாதேவி ஈச்சரம் அங்கே இன்றும் நிற்கின்றது. ஓரிரவு அங்கே தங்கி, மின்னேரியா, ஹபரணை, கந்தளாய் வழியாகத் தம்பலகாமம் வந்து, ஆதிகோணநாயகரைத் தரிசித்து வீடு சேரலாம். யானைக் கூட்டம் காண ஆவணியும் புரட்டாதியும் உகந்தவை. மார்கழியும் தையும் காட்டுவது வேறு காட்சி: நிறைந்த குளம், பச்சைப் பெரும்போக வயல், நீர்க்கரை எங்கும் கொக்கு நாரை.

இனித் திட்டம். பிறந்தநாள் மார்கழியிலே வந்தாலும், பயணத்தைத் தைப்பொங்கலுக்குப் பின் வைத்தல் நன்று. நவம்பரும் டிசம்பருமே நம் பகுதியில் மழை மிகுந்த மாதங்கள். தை நடுவிலே வானம் வெளுக்கத் தொடங்கும். 1964 டிசம்பரிலே திருகோணமலையைத் தாக்கிய புயலை முதியோர் இன்றும் மறந்திலர். விடுமுறையை மாற்ற இயலாதவர் மார்கழியிற் செல்வதாயின், கூடுதலாக ஒருநாளை ஒதுக்குக. புறப்படுமுன் வானிலை அறிக்கை கேட்டு, வெருகலில் வெள்ளமென்றால் தயங்காது நிறுத்துக. மாலை ஐந்து மணிக்குப்பின் வண்டி ஓடலாகாது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இருளில் தெருவிலே யானை நிற்கும். சாரதிக்கு நல்ல உணவும் நல்ல படுக்கையும் முதலில் ஏற்பாடு செய்க. பத்துக் குடும்பங்களின் உயிரும் அவர் தூக்கத்தில் தங்கியுள்ளது.

நம்முள் நீரிழிவுக்காரர் உளர். முழங்கால் நோவுடையோர் உளர். குழுவிலே மிகத் தளர்ந்தவர் யாரோ, அவரை அளவாகக்கொண்டே ஒவ்வொரு நாளின் தூரத்தையும், உணவு வேளையையும், இறங்கும் இடத்தையும் வகுக்கவேண்டும். அவர் வரமுடியாத பயணம் நம் பயணமன்று.

பொருள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டு நண்பர், "முழுச் செலவும் என்னுடையது" என்பார். அன்பினாற் சொல்வதே, ஆயினும் ஏற்றல் வேண்டா. ஒருவர் செலவிலே வருகின்ற தோழன் வண்டியின் பின் ஆசனத்திலே வாய்மூடி இருப்பான். ஒவ்வொருவரும் இயன்றதைப் பெயரெழுதாத உறையிலிட்டுப் பொருளாளரிடம் கொடுப்பதே முறை. ஊரிலிருந்தவர் வழிகாட்டுவார், சென்றவர் கேட்டுக்கொள்வார். இருவரும் அறியவேண்டியது மற்றவரிடமே இருக்கின்றது.

"பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? உறவினர் குறைசொல்வார்களே" என்பார் உளர். பிள்ளைகளையும் அழைத்துச் செல்க. தந்தை எந்தத் துறையிலே எத்தனை மணிநேரம் காத்து நின்றார் என்பதை அந்தத் துறையருகே நின்று கேட்கும் பிள்ளைக்கு, வரலாறு வேறு எவரும் சொல்லவேண்டியதில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் தை மாதத்திலே, அவ்வாண்டு அறுபது நிறையும் வகுப்பினர்க்கு இத்தகைய பயணமொன்றை ஒழுங்குசெய்து, உயர்வகுப்பு மாணவர் இருவரையும் உடன் அனுப்புமாயின் நற்பணியாகும். பராபவ வருடத்தினர் பெயர்ப்பட்டியலை இப்போதே தொடங்கலாம்.