பெட்டியின் எடை அன்பின் எடையா?

விமானப் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது பற்றி நம் இலக்கியவாதிகள் சிலரிடம் ஒரு நெகிழ்ச்சி இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவரின் கயிறு சுற்றிய அட்டைப்பெட்டி, சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அம்மா பொதிந்து தரும் ஊறுகாயும் கருவாடும் அவர்களுக்கு அன்பின் குறியீடுகள். குறைந்த சுமையோடு பறப்பது மேல்நாட்டாரின் பழக்கம், உறவுகளின் ஈரம் அறியாதவர்களின் பழக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. இந்தத் தரப்பை நான் முழுமையாக மறுக்கிறேன். சுமையைக் குறைப்பது அடிப்படையில் அறம் சார்ந்தது; வசதி அதன் உபரி.

மேல்நாட்டுப் பழக்கம் என்போரைப் பழவேற்காட்டுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணி கீழை நாடுகளெங்கும் சென்றது. மலாய் மக்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலெகாட்' என்கிறார்கள். பெலெகாட் என்பது பழவேற்காட்டின் திரிபு. அந்தக் கைலி அரைக் கிலோகூட எடையில்லாதது. கட்டினால் உடை, விரித்தால் படுக்கை, போர்த்தினால் போர்வை, முடிந்தால் மூட்டை. ஒரு பொருளை நான்கு விதமாகப் பயன்படுத்தத் தெரிந்தவன் நான்கு பொருட்களைச் சுமப்பதில்லை. இதை நாம் யாரிடமிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அங்குள்ள கூனங்குப்பத்துக்கும் வைரவன்குப்பத்துக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. கட்டுமரத்துக்கு உள்ளறை கிடையாது. கட்டிவைக்காத எதையும் அலை கொண்டுபோய்விடும். இன்று கண்ணாடியிழைப் படகுகள் வந்துவிட்டன என்றாலும் கணக்கு மாறவில்லை. வீணாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் எண்ணெயைத் தின்னும். கரைக்குக் கொண்டுவர வேண்டிய மீனின் இடத்தை அடைத்துக்கொள்ளும். வலையும் குடிநீரும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிற அந்த மனிதர்களை உறவின் ஈரம் அறியாதவர்கள் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

கடலில் உள்ள இந்தக் கணக்கு வானத்தில் இன்னும் கறாரானது. பனிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் இரைதேடும் வலசைப் பறவைகளில் கருவால் மூக்கனும் ஒன்று. அதன் நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலை நிற்காமல் கடக்கிறது. 2022இல் ஓர் இளம்பறவை 11 நாட்கள் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. புறப்படும் முன் இப்பறவை உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. அதே வேளையில் குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. வழியில் உண்ணப்போவதில்லை என்றால் செரிமான உறுப்புகூட வீண்சுமைதான். எளிய சுமை என்றால் வெறுங்கை என்று கேலி செய்வோர் இதை யோசிக்கலாம். எது இல்லாமல் முடியாது என்று அறிந்து அதை நிறைய எடுத்துக்கொள்வதும், மற்றதைத் தயங்காமல் விடுவதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று மங்கள்யான் புறப்பட்டது. ஏவிய ராக்கெட் சுமார் 320 டன். மேலே போன விண்கலம் 1,337 கிலோ. அதிலும் பெரும்பகுதி எரிபொருள். செவ்வாயை ஆராய அது சுமந்துசென்ற ஐந்து கருவிகளின் மொத்த எடை சுமார் 15 கிலோ. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஒருவருக்கு அனுமதிக்கப்படும் பெட்டியின் எடையும் அதுதான். செவ்வாய்க்குப் போதுமான எடை மதுரையில் நடக்கும் இரண்டு நாள் கருத்தரங்குக்கு நமக்குப் போதவில்லை!

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ராக்கெட் ஏவப்படும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிக்கப்படுகிறது. வானத்துக்கு ஏறும் எடைக்குத் தரையில் ஒருவர் தன் ஒருநாள் பிழைப்பைக் கொடுக்கிறார். நம் பெட்டி விஷயத்திலும் இதுவே நடக்கிறது. நாம் அதை வாசலில் இறக்கியதும் நம் கையை விட்டுப் போகிறது, எடை போவதில்லை. விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 30 கிராம் எரிபொருள் கூடுதலாக எரிகிறது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்ற விதி யாருக்காக? விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து நின்று அதைத் தூக்கி அடுக்கும் தொழிலாளியின் முதுகெலும்புக்காக. அன்பின் எடை என்று நாம் உருகி எழுதுவதை, நம்மை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் தன் இடுப்பில் வாங்கிக்கொள்கிறார்.

உயிரே பணயமாகும் கணமும் உண்டு. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையிறங்கும்போது ஓடுதளத்தில் விழுந்து தீப்பற்றியது. உள்ளே புகை சூழ்கையில் பயணிகள் சிலர் மேலடுக்கைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்த காட்சியை உலகமே பார்த்தது. விமானத்திலிருந்த 300 பேரும் பிழைத்தார்கள்; தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அவரது சாவுக்கு அந்தப் பைகளைக் காரணமாக்குவது நியாயமல்ல. ஆனால் பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமானத்துக்குச் சான்று தரப்படுகிறது. அந்த நொடிகளில் ஒருவர் பைக்காக நின்றால் அவருக்குப் பின்னால் நிற்பவரின் மூச்சு அவரது தயக்கத்தில் தொங்குகிறது.

'பல வருட உழைப்பு அந்தப் பையில் இருக்கிறதே, எப்படி விடுவார்?' என்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் விட முடியாததைப் பையில் வைக்கக் கூடாது என்கிறேன். கடவுச்சீட்டு, பணம், அன்றாட மருந்து மூன்றும் உடலோடு இருக்கட்டும். எஞ்சியதெல்லாம் விட்டுவிட்டு ஓடக்கூடியதாக இருக்கட்டும்.

வருடக்கணக்கில் பாலையில் உழைத்துத் திரும்பும் தொழிலாளியை நோக்கி நான் விரல் நீட்டவில்லை. ஊரார் எதிர்பார்ப்பின் சுமையையும் சேர்த்துத்தான் அவர் தூக்கி வருகிறார். குறைய வேண்டியது அந்த எதிர்பார்ப்பு. என் கோபம், அவரது கட்டாயத்தைக் காவியமாக்கி அதன் நிழலில் தம் பகட்டை ஒளித்துக்கொள்ளும் நம்மைப் போன்றோர் மீது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கிடைக்காத ஊறுகாயா? கருத்தரங்குக்குப் போகிறவர் யாரும் கேட்காத தன் கவிதைத் தொகுப்பின் முப்பது பிரதிகளோடு போவதும் விருந்தோம்பலா?

சிறு பையோடு மட்டும் போகிறவர் இறங்கியதும் நடக்கத் தொடங்குகிறார். பெட்டி சுழலும் பட்டையருகே காத்து நிற்பதில்லை. தொலைந்துபோகுமோ என்று அஞ்சுவதில்லை. வாடகைக் காரை நம்பாமல் பொன்னேரிப் பேருந்தில் ஏறிப் பழவேற்காட்டுக்கே போய்விடலாம். ஒரு கை ஒழிந்திருப்பதால், எதிரே ஒரு முதியவர் தடுமாறினால் பிடிக்கவும் முடியும். இரு கைகளிலும் பெட்டி இழுப்பவர் நெகிழ்ந்து எழுதலாம். அந்தக் கையைத் தர அவரால் ஆகாது.