கறைக்கு ஏற்ற புளிப்பு

வீட்டைத் துலக்கும் பொருள்களை வீட்டிலேயே செய்துகொள்ளும் முயற்சி, பெரும்பாலும் அடுக்களையில் உள்ளவற்றையெல்லாம் ஒரே கலத்தில் கொட்டுவதில் தொடங்கி, பொங்கும் நுரையைக் கண்டு மகிழ்வதில் முடிந்துவிடுகிறது. வினிகரும் சமையல் சோடாவும் சேரும்போது எழும் அந்த நுரை கரியமில வாயுவேயன்றி வேறில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டபின் எஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்னும் உப்புக் கரைந்த நீர் என்பதால், தனித்தனியே நன்கு உழைக்கக்கூடிய இரு பொருள்கள் கலந்த மாத்திரத்தில் தம் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. இக்கலவையைப் புட்டியில் ஊற்றி இறுக மூடிவைத்தால், வெளியேற வழியற்ற வாயு புட்டியை உடைத்துவிடவும் கூடும்.

பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல், பட்டுக்குப் பூந்திக்கொட்டை, பருத்தி வெளுக்க உவர்மண் என்று பொருளுக்கொரு துலக்கியைத் தனியே வைத்திருந்த பழைய தமிழ் இல்லங்கள், வேதியியற் பெயர்களை அறியாமலேயே அந்த அறிவியலின் அடிப்படை விதியொன்றைக் கைக்கொண்டிருந்தன. அழுக்கின் இயல்பு எதுவோ அதைக் கரைக்கவல்ல இயல்புடைய பொருளைத் தேர்வதே அவ்விதி. வீட்டுத் துலக்கிகளை அமிலம், காரம், நுரைப்பொருள் என மூவகையாகப் பகுத்துக்கொண்டால், எது எங்கே பயன்படும் என்பதோடு எங்கே கெடுக்கும் என்பதும் விளங்கும்.

பித்தளைப் பாத்திரம் கறுப்பதற்கும் பச்சைக் களிம்பு ஏறுவதற்கும் அதிலுள்ள செம்பு, காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து ஆக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறுவதே காரணம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இச்சேர்மங்களைக் கரைக்கிறது. உடன் சேர்க்கும் கல்லுப்பு அக்கரைதலுக்குத் துணைசெய்வதோடு தேய்பொருளாகவும் உதவுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் குழாய் வாயிலும் வெந்நீர்ப் பாத்திரத்திலும் படியும் வெள்ளைப் பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆதலால், எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியை அரைமணி நேரம் சுற்றிவைத்தாலே அது இளகிவிடும். ஆயினும் சலவைக்கல்லும் கடப்பா கல்லும் அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. குழாயின் பொருக்கைக் கரைத்த சாறு அடுக்களை மேடையில் சிந்தினால் கல்லின் மெருகையும் அரித்துவிடும் என்பதை மறக்கலாகாது. மூன்று பங்கு ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு நீர் என்ற அளவில் கலந்து, தொடக்க நாள்களில் அவ்வப்போது மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி, மூன்று மாதம் நொதிக்கவிட்டு எடுக்கும் 'பயோ என்சைம்' கரைசலும் இவ்வகையினதே. அதன் பெயர் நொதியைச் சுட்டினாலும், அதில் பெரும்பாலும் உழைப்பது நொதித்தலில் பிறந்த அசிட்டிக் அமிலமே.

எண்ணெயும் பிசுக்கும் அமிலத்துக்கு எளிதில் அசையமாட்டா. அவற்றுக்குக் காரம் வேண்டும். விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் கொழுப்போடு வினைபுரிந்து அதன் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுவதால்தான், சாம்பலும் தேங்காய்நாருமாகத் தேய்த்த சட்டி பிசுக்கின்றி வெளிவந்தது. விறகடுப்பு அணைந்துபோன வீடுகளில் அவ்விடத்தைச் சலவைச் சோடா நிரப்பும். இது சோடியம் கார்பனேட். ஆப்ப சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டைக் காட்டிலும் காரம் மிக்கது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்துத் துடைத்தால் அடுப்பிலும் புகைபோக்கி விசிறியிலும் இறுகிய பிசுக்கு இளகும்; எனினும் கையுறை அணிவது நன்று, அலுமினியப் பாத்திரத்தைக் கறுக்கச்செய்யும் என்பதால் அதனருகே கொண்டுசெல்லாமை அதனினும் நன்று.

மூன்றாம் வகையின் சிறந்த சான்று பூந்திக்கொட்டை. அதன் தோலிலுள்ள சபோனின் என்னும் பொருளின் மூலக்கூறு, ஒரு முனையால் கொழுப்பையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொண்டு அழுக்கை நீரோடு வெளியேற்றுகிறது. சோப்பைப்போல் உப்புநீரில் திரிந்து படிவதுமில்லை. விதை நீக்கிய பதினைந்து கொட்டைகளை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பட்டுக்கும் நகைக்கும் தரைக்கும் ஏற்ற நீர் கிடைக்கும். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இதில் இல்லாமையால் இரண்டொரு நாளில் புளித்துவிடும். குளிர்பெட்டியில் ஒரு வாரம்வரை வைத்திருக்கலாம்.

அழுக்கை அகற்றுவதும் கிருமியைக் கொல்வதும் வேறு வேறு செயல்கள் என்பதும் இங்கே கருதத்தக்கது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்ட வீட்டில் எலுமிச்சையையும் வினிகரையும் நம்பியிருத்தல் தகாது. அங்கே குளோரின் அடங்கிய பிளீச்சிங் பவுடர் போன்ற கிருமிநாசினியே வேண்டும். ஆனால் அதனோடு அமிலம் எதுவும் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.  கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் மட்டுமன்றி, தீங்கற்றதென்று கருதப்படும் வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடப் பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் இதே வினையைத் தூண்டவல்லவை.

ஆகவே 'நஞ்சற்றது' என்பது ஒரு பொருளின் பிறப்பைச் சார்ந்த பட்டமன்று; அதன் அளவையும், அது சேரும் பொருளையும், சென்றடையும் இடத்தையும் பொறுத்தது. பட்டுக்கு இதமான அதே பூந்திக்கொட்டை, மீன்களின் செவுளைத் தாக்கி மூச்சடைக்கச் செய்யும் என்பதை அறிந்தோர் அதை நீர்நிலையில் கரைத்து மீன்பிடித்ததும் உண்டு. மண்ணில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் சபோனினைச் சிதைத்துவிடும் என்பதால், அலசிய நீரை மரத்தடியில் விடலாம். மீன்தொட்டியிலோ குளத்திலோ ஊற்றலாகாது.