குளக்கட்டில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை?

ஆகஸ்ட் விடுமுறை என்றால் எங்கள் வயதினருக்கு இரண்டே இடங்கள்தான்: பிரத்தியேக வகுப்பு, வீடு. தம்பிமார் குளத்துக்குப் போகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், சேறும் சகதியுமாகத் திரும்பி வருகிறார்கள். யாரும் எதுவும் கேட்பதில்லை. நாங்கள் "பறவை பார்க்கப் போகிறோம்" என்றால் மட்டும், குளக்கட்டில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்துவிடுகிறது.

முருங்கனுக்கு அருகே கட்டுக்கரைக் குளம் இருக்கிறது. அருவி ஆற்றைத் தேக்கத்தில் மறித்து, வாய்க்கால் வழியாக இதற்கு நீர் கொண்டு வருகிறார்கள். தாதுசேன மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் இக்குளம் 1954இல் சரணாலயமாக்கப்பட்டது. வயலுக்கு நீர் கொடுக்கும் குளமே பறவைகளுக்கும் வீடு.

மாரியில் போனால்தான் வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கலாம் என்பார்கள். வங்காலையில் பூநாரை பார்ப்பதற்கு அது சரி. எனக்கோ கோடைதான் பிடிக்கும். சிறுபோகத்துக்கு நீர் திறந்து குளம் வற்ற வற்ற, மீன்கள் எஞ்சிய நீருக்குள் ஒதுங்குகின்றன. பறவைகளும் அங்கேயே கூடுகின்றன. எங்கும் பறந்து போகாமல் எங்களோடு சேர்ந்து இந்த வெயிலைத் தாங்கும் பறவைகள் இவை.

சுபஹு தொழுதுவிட்டு வாப்பாவுடன் போவேன். சோளகக் காற்று பலக்கும் முன் நீர் அசையாமல் கிடக்கும். கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி மீனை வளைக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒட்டாமல் இடைவெளியோடு இருக்கும். நத்தையைப் பிடித்துச் சதையை எடுக்க அந்த அலகு உதவுகிறது. நீர்க்காகம் பட்ட மரத்தில் சிறகை விரித்து உலர்த்தும்.

என்னை அதிகம் நிற்க வைத்தது நீளவால் இலைக்கோழி. நீண்ட விரல்களால் தாமரை இலைமேல் அது நடந்து போவதே ஓர் அதிசயம். அதைவிட அதிசயம் அதன் குடும்பம். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டித் திரிவதும் ஆண்தான். இதைச் சொன்னபோது வாப்பா, "நானும் அப்படித்தானே" என்றார். உம்மா காதில் விழவில்லை, நல்லவேளை.

உயிரியல் புத்தகத்தில் 'இசைவாக்கம்' என்ற சொல்லைப் பலமுறை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த விரல்களைப் பார்த்த பிறகு அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. வகுப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடுமுறையின் எல்லாக் காலைகளையும் வகுப்புக்கே கொடுப்பது எந்தக் கணக்கு?

உடையைக் காரணம் சொல்வோரும் உண்டு. பறவைகளுக்குப் பிடிக்காதவை சத்தமும் வேகமான அசைவும்தான். அபாயா அவற்றை வெருட்டியதாக நான் காணவில்லை. வெயிலில் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். மார்க்கத்தைக் காரணம் காட்டுவோர் சூரத்துல் முல்க்கை ஓதிப் பார்க்கட்டும். தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று அங்கே கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி ஆண்களுக்கு மட்டுமானதல்ல.

பாதுகாப்பைப் பற்றிய பயம் நியாயமானது. நானும் தனியாகப் போகக் கேட்கவில்லை. கட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருப்போரும், குளக்கரையில் லஞ்ச் ஷீற்றை வீசிவிட்டுப் போவோரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்காக எங்களை வீட்டில் வைத்திருப்பதைவிட, எங்களோடு வருவது நல்லது. ஒரு பஸ், இரண்டு ஆசிரியைகள், வரக்கூடிய உம்மாமார், மாறி மாறிப் பார்க்க நான்கு பைனாகுலர் போதும். விடியப் புறப்பட்டால் பத்து மணி வகுப்புக்கும் திரும்பிவிடலாம்.